புடவைக்கு விலை உண்டு, துப்பாக்கிக்கு இல்லை

காஞ்சிபுரத்தில் பழைய பட்டுப்புடவை எடுக்க ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. கிழிந்திருக்கட்டும், மடிப்பில் இற்றுப்போயிருக்கட்டும், ஜரிகை அசலாக இருந்தால் போதும். கரையை லேசாக உரசுவார்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா, வெள்ளி மின்னுகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பார்கள். தராசில் போட்டு ஒரு தொகை சொல்லிவிடுவார்கள். வெள்ளி விலை ஏற ஏற அந்தத் தொகையும் ஏறிக்கொண்டே போகிறது.

வாலாஜாபாத் பக்கம் ஒரு பழைய மிராசு வீடு. என் நண்பனுடைய தாத்தா வீடு. அவர் காலமான பிறகு பீரோவை ஒழித்தபோது இரண்டு பொருள்களுக்கு விலை கேட்டார்கள். ஒன்று பாட்டியின் முகூர்த்தப் புடவை. இன்னொன்று தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி, இங்கிலாந்தில் செய்தது. புடவைக்குச் சொன்ன தொகையைக் கேட்டு வீட்டுப் பெண்களுக்கு வாயடைத்துப் போயிற்று. விற்க மனம் வராமல் திரும்ப மடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியைச் சென்னையில் ஓர் ஆயுதக் கடைக்குக் கொண்டு போனார்கள். கடைக்காரர் அதை மடித்துத் திறந்தார், குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "அருமையான சாமான் சார். ஆனா எடுக்க ஆள் இல்லை. வேணும்னா டெபாசிட்ல வெச்சுட்டுப் போங்க, மாசம் வாடகை ஆகும்" என்றார்.

துப்பாக்கிக்காரர் வீடு என்றால்தான் அந்த ஊரில் அந்த வீட்டைத் தெரியும். ஊரில் இறங்கி வழி கேட்டால் அப்படித்தான் கை காட்டுவார்கள். அந்தப் பெயரைக் கொடுத்த பொருளை இன்றைக்கு யாரும் காசு கொடுத்து வாங்கத் தயாராக இல்லை.

சிறுவனாக இருந்தபோது ஓர் ஆயுத பூஜை அன்று நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் தறிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். அவர்கள் வீட்டில் கலப்பைக்குப் பக்கத்தில் துப்பாக்கியைச் சாத்தி வைத்துப் பொட்டிட்டிருந்தார்கள். பூஜை முடிந்ததும் தாத்தா அதை எடுத்தார். மேலே இருந்த சின்ன நெம்புகோலைக் கட்டைவிரலால் ஒதுக்கினார். 'க்ளக்' என்று சத்தம்கூட வரவில்லை, குழல் இரண்டும் தம் பாரத்திலேயே மெதுவாகத் தொங்கின. "தம்பி, துப்பாக்கியை எப்பவும் மடிச்சுத்தான் அடுத்தவங்க கையில கொடுக்கணும், மடிச்சுத்தான் வாங்கணும். விசை மேல விரல் போகவே கூடாது" என்றார். குழலுக்குள் கண்ணை வைத்து வானத்தைப் பார்க்கச் சொன்னார். உள்சுவரில் வட்டம் வட்டமாக ஒளி ஓடியது. குழலின் அடிப்பக்கம் தட்டையான இடத்தில் கிரீடம் பொறித்த பொடிப்பொடி முத்திரைகள். அவை பர்மிங்காம் நகரத்தின் சோதனைக்கூடம் அடித்தவை என்பது பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. 1813-ல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி அமைந்த அந்தக் கூடத்தில், ஒவ்வொரு குழலிலும் அளவுக்கு மீறி மருந்து போட்டு வெடித்துப் பார்ப்பார்கள். தாங்கினால்தான் முத்திரை.

காஞ்சிபுரத்தில் பிறந்தவனுக்கு அந்தத் துப்பாக்கியின் வேலைப்பாடு சட்டென்று புரிந்துவிடும். கோர்வை போட்ட புடவையில் உடல் தனி, கரை தனி. இரண்டையும் இழைக்கு இழை பூட்டி நெய்ய, தறியில் உட்கார்ந்தவருக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். இரட்டைக்குழலும் அப்படித்தான். இரண்டு குழல்களைத் தனித்தனியாகக் கடைந்து, நடுவில் மேலும் கீழும் பட்டை வைத்து ஈயப்பற்று ஊற்றி ஒட்ட வேண்டும். இரண்டும் ஒரே இடத்தைப் பார்த்துச் சுட வேண்டும். ஒட்டும்போது மயிரிழை பிசகினாலும் ஒரு குழல் கிழக்கே, ஒரு குழல் மேற்கே. வலது குழலின் வாய் சற்று அகலம், அருகில் பறப்பதற்கு. இடது குழலின் வாய் குறுக்கியிருக்கும், தொலைவில் போவதற்கு. வால்நட் மரக்கட்டையை வாங்குபவரின் தோளுக்கும் கன்னத்துக்கும் ஏற்றபடி லேசாக வளைத்துச் செதுக்குவார்கள். பிடிக்கும் இடத்தில் கட்டம் கட்டமாகக் கையாலேயே கீறுவார்கள்.

பழைய துப்பாக்கிகளில் குதிரை வெளியே தெரியும். நாய்க்காது போல நிமிர்ந்து நிற்கும் அந்த இரண்டையும் பின்னால் இழுத்துத்தான் சுட வேண்டும். 1875-ல் பர்மிங்காமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் ஆன்சன், டீலி என்ற இருவர் குதிரையை உள்ளே ஒளித்துவிட்டார்கள். குழலை மடித்தாலே குதிரை தானாக ஏறிக்கொள்ளும். உறுப்புகள் குறைவு, பழுது குறைவு. அதன் பிறகு பர்மிங்காமின் துப்பாக்கிப் பேட்டையிலிருந்து உலகம் முழுக்கப் போனவற்றில் பெரும்பகுதி இந்த வகைதான். தாத்தாவுடையதும் இதுதான். 12 போர். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாகப் பன்னிரண்டு குண்டாக உருட்டினால் ஒரு குண்டு எவ்வளவு பருமனோ, அதுதான் குழலின் உள்வாய்.

சென்னைக்கு இவை எப்படி வந்தன? மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்கும் நகைக்கும் பேர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ், துப்பாக்கியும் விற்றது. செய்தது பர்மிங்காம் பட்டறையாக இருக்கும், குழல் நடுவே ஓடும் பட்டையில் மதராஸ் கடையின் பெயர் பொறித்திருக்கும். வெள்ளைக்கார அதிகாரிகள் வாங்கினார்கள். அவர்களைப் பார்த்து ஜமீன்தார்கள், மிராசுதார்கள். 1878-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வெள்ளைக்காரருக்கு விலக்குக் கொடுத்துவிட்டு, இந்தியனுக்கு லைசென்ஸ் கட்டாயம் என்றது. அதனாலேயே லைசென்ஸ் கிடைத்த குடும்பத்துக்கு அது ஒரு பட்டம் மாதிரி ஆகிவிட்டது. கலெக்டர் கையெழுத்து வீட்டில் இருக்கிறது என்று பொருள். துப்பாக்கிக்கு அன்றிருந்த மதிப்பில் இரும்புக்கும் வேலைப்பாட்டுக்கும் எவ்வளவு பங்கோ, இந்தக் காகிதத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

சுடுவதற்கு ஏரிகள் இருந்தன. செங்கல்பட்டுச் சீமையே ஏரிச்சீமை. தென்னேரி, உத்திரமேரூர், மதுராந்தகம் என்று ஒன்றுக்குப் பின் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து உள்ளான் வந்து இறங்கும். வயல் சேற்றில் மண்ணோடு மண்ணாகப் பதுங்கியிருந்து, காலடிக்குப் பக்கத்தில் வந்த பிறகு விருட்டென்று எழும்பி, வளைந்து வளைந்து பறக்கும் பறவை அது. அதை அடிப்பதுதான் சுடுபவனின் கைக்குச் சோதனை என்பார்கள். இரட்டைக்குழல் பிறந்ததே இந்த மாதிரி வேட்டைக்குத்தான். முதல் குழல் தவறினால் இரண்டாவது, விரல் ஒரு விசையிலிருந்து மறு விசைக்கு நகர வேண்டியதுதான் நேரம். தாத்தா கடைசியாக உள்ளான் அடித்தது தென்னேரிக் கரையில் என்று சொல்லியிருக்கிறார். வருஷம் அவருக்கு நினைவில் இல்லை, அன்று பனி அடித்தது மட்டும் நினைவிருந்தது.

இதே சீமையில் துப்பாக்கிக்கு எதிராக எழுந்த குரலும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் அவர், அங்கே யாரும் பறவையைச் சுடக்கூடாது என்று கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக் கொடுத்தார். 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது. காஞ்சி வரதருக்கு நகை சாத்தியவர் என்று கோயிலில் இன்றும் பெயர் சொல்லப்படும் அதே பிளேஸ்தான். ஊர்க்காரர்கள் கேட்டதில் கருணையும் இருந்தது, விவசாயக் கணக்கும் இருந்தது. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கும் வழக்கம் அந்த ஊரில் இன்னும் உண்டு. வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் 2022-ல் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. நாடு முழுக்கப் பிற்பாடு சட்டமாக வந்ததை ஓர் ஏரிக்கரை ஊர் அதற்கு நூற்றெழுபது ஆண்டுக்கு முன்பே எழுதி வாங்கிவிட்டது.

இரட்டைக்குழலின் சரிவு இங்கே ஒரே நாளில் நடந்ததில்லை. 1948-ல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. புதிதாக வாங்கும் கைகள் குறைந்தன. 1959-ல் எழுதப்பட்ட புதிய ஆயுதச் சட்டம் 1962-ல் அமலுக்கு வந்தது. பெரிய அடி 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். சிறு வேட்டைக்கு லைசென்ஸ் வாங்கும் வழி அப்போதும் கொஞ்சம் திறந்திருந்தது, 1991 திருத்தத்தில் அதுவும் அடைபட்டது. உள்ளான் அடிக்கவென்று செய்த துப்பாக்கி உள்ளானைப் பார்க்கக்கூடாது என்றான பிறகு அதற்கு வேறு வேலை ஏது? நரிக்குறவர்களின் நாட்டுத் துப்பாக்கிக்கும் அதே சட்டம்தான் பொருந்தியது. மிராசுதாருக்குப் போனது பொழுதுபோக்கு, அவர்களுக்குப் போனது சோறு. சட்டம் சரியானது என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆனால் அவர்களுக்கு மாற்றுப் பிழைப்பு காட்டாமல் விட்டது தவறு. ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் ஊசிமணி, பாசிமணியோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இது நெஞ்சில் உறுத்துகிறது.

எண்பதுகளின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனியார் இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டது. புதிய வரத்து நின்றதும் ஏற்கெனவே உள்ளே இருந்த வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளின் விலை மலைபோல் ஏறியது. இரட்டைக்குழலுக்கு மட்டும் அந்த யோகம் அடிக்கவில்லை. ஏனென்றால் 12 போர் துப்பாக்கியை நம் நாட்டிலேயே அரசுத் தொழிற்சாலையும் செய்தது, தனியாரும் செய்தார்கள். காவலுக்கு ஒரு துப்பாக்கி வேண்டும் என்பவருக்கு அது போதும். வேலைப்பாடு வேண்டும் என்பவர் அரிது. அவருக்கு லைசென்ஸும் இருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாதவருக்கு விற்க முடியாது. பத்துப் பேர் ஆசைப்பட்டாலும் வாங்கத் தகுதி உள்ளவர் ஒருவர் என்றால், விலை எங்கிருந்து வரும்?

பிறகு 2019-ன் திருத்தச் சட்டம். அதுவரை ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம். இனி இரண்டுதான், மிச்சத்தை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்றது. மூன்றில் எதைக் கொடுப்பார்கள்? கைக்கு அடக்கமானதையும் விலை போவதையும் வைத்துக்கொண்டு, பீரோவின் நீளத்துக்கு இடம் அடைக்கும் தாத்தா காலத்துத் துப்பாக்கியைத்தான் கொடுப்பார்கள்.   

நம் ஊரில் லைசென்ஸ் கெடுபிடியால் விலை விழுந்தது, இங்கிலாந்தில் நல்ல விலை இருக்கும் என்று நண்பன் வீட்டில் ஒருவர் நம்பிக்கொண்டிருந்தார். அங்கும் அப்படி இல்லை. பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற லண்டன் பெயர்கள் இன்னும் தாக்குப்பிடிக்கின்றன. சாதாரணப் பர்மிங்காம் துப்பாக்கி, எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், ஏலத்தில் சில நூறு பவுண்டுக்குப் போகிறது. காரணம் ரசனை மட்டுமில்லை. பக்கத்தில் பக்கமாகக் குழல் இருந்த இடத்தில் மேலும் கீழுமாகக் குழல் வைத்த துப்பாக்கி வந்துவிட்டது. இத்தாலியில் இயந்திரத்தில் கடைந்து வருவது மலிவு, உறுதி. அதோடு ஈயப் பிரச்சினை. பறவை மேல் படாமல் போன ஈய ரவை ஏரியிலும் சேற்றிலும் விழுகிறது. வாத்துகள் அதைக் கூழாங்கல் என்று விழுங்கிச் சாகின்றன. நீர்ப்பறவை வேட்டையில் அமெரிக்கா 1991-ல் ஈயத்தைத் தடை செய்தது. டென்மார்க் 1996-ல் ஈய ரவையையே அடியோடு ஒழித்தது. பிரிட்டன் அரசும் 2025 ஜூலையில் தடையை அறிவித்தது, மாறிக்கொள்ள மூன்று ஆண்டு அவகாசம். ஈயத்துக்குப் பதில் எஃகு ரவை. எஃகு கடினம், ஈயம் போல நசுங்கிக் கொடுக்காது. மெல்லிய சுவரும் குறுகிய வாயும் கொண்ட பழைய குழலில் அதைப் போட்டுச் சுட்டால் குழல் கெடும். பழைய துப்பாக்கியின் தோட்டா அறை இரண்டரை அங்குலம், இன்றைய தோட்டா பலவும் அதைவிட நீளம்.

செய்தவர்களின் கதையும் இதே திசையில்தான் போயிற்று. பர்மிங்காமின் கிரீனர் நிறுவனம் 1965-ல் வெப்ளி அண்ட் ஸ்காட்டிடம் போனது. வெப்ளி அண்ட் ஸ்காட் 1979-ல் துப்பாக்கி செய்வதை நிறுத்தியது. அந்தப் பெயரில் இப்போது ரிவால்வர் செய்யும் ஆலை உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் இருக்கிறது.

இன்றைக்குக் காஞ்சிபுரத்தில் இரட்டைக்குழலைப் பார்க்க வேண்டுமானால் வங்கி வாசலுக்குப் போக வேண்டும். முன்னாள் ராணுவத்தார் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, மடியிலோ தோளிலோ இந்திய 12 போரை வைத்திருப்பார். லைசென்ஸ் வைத்திருக்கும் மற்றவர்களுக்கு அது தேர்தலுக்குத் தேர்தல் நினைவுக்கு வரும் பொருள். அறிவிப்பு வந்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி, முடிவு வந்த பிறகு திரும்ப எடுத்து வர வேண்டும். ஏரிச்சீமையும் மாறிவிட்டது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உருண்டு வந்த பிறகு ஸ்ரீபெரும்புதூர் சுற்று முழுக்கத் தொழிற்பேட்டை. பரந்தூர் விமான நிலையத் திட்டத்தில் வயலும் ஏரியும் போகும் என்று ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடுகிறார்கள். துப்பாக்கிக்குத் தப்பிய உள்ளானுக்கு இறங்க இடம் இல்லாமல் போய்விடுமோ என்பதுதான் இப்போதைய கவலை. பறவையைக் காப்பாற்றச் சட்டம் எழுதினோம், அது இறங்கும் சேற்றைக் காப்பாற்ற இன்னும் மனம் வரவில்லை.

வேட்டை என்ற சொல் இந்த ஊரில் இன்று ஒரே நாளில்தான் பெருமையோடு ஒலிக்கிறது. மாட்டுப் பொங்கலன்று வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்கு எழுந்தருளிப் பழையசீவரம் மலைக்குப் போவார். லட்சுமி நரசிம்மரும் சேர்ந்துகொள்ள, பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் போவார்கள். போன தை மாதம் அந்தக் கூட்டத்தில் நண்பனைப் பார்த்தேன். துப்பாக்கி என்ன ஆயிற்று என்று கேட்டேன். "கடையிலதான்டா இருக்கு. வாடகை கட்டிக்கிட்டு இருக்கோம். அப்பாவுக்கு லைசென்ஸுக்கு எழுதிப் போட்டிருக்கோம், வரும்னு இருக்கோம்" என்றான்.

இங்கேதான் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இப்படி ஒரு துப்பாக்கி இருந்தால், அவர் இருக்கும்போதே பேசுங்கள். 2016-ன் ஆயுத விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. உரிமதாரருக்கு எழுபது வயது ஆகியிருந்தாலோ, அந்தத் துப்பாக்கியை இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு ஒருவர் பெயரில் லைசென்ஸுக்கு மனுப் போடலாம். காலமான பிறகு ஓடுவதைவிட இது எவ்வளவோ சுலபம். விற்று லாபம் பார்க்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள், அந்தச் சந்தை திரும்பாது. வைத்துக்கொள்ள விருப்பமில்லை, ஒப்படைக்கத்தான் போகிறோம் என்றால், அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். குழலை மடித்து அடிப்பக்க முத்திரைகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டையில் இருக்கும் கடைப் பெயரையும் வரிசை எண்ணையும் ஒரு தாளில் எழுதுங்கள். எந்த வருஷம், யாரிடம் வாங்கியது, எந்த ஏரிக்கரையில் சுட்டது என்று பெரியவரைக் கேட்டு அதன் கீழேயே எழுதி, அந்தப் பட்டுப்புடவையோடு மடித்து வையுங்கள்.